துளை போடும் முன் ஒரு நிமிஷம்

காளவாசல், பைபாஸ் ரோடு பக்கம் நாலு பேர் சேர்ந்து ரூம் எடுக்கும் பசங்களுக்கு, கதவு தொங்கிப்போன பிளைவுட் அலமாரி ஒன்று கட்டாயம் வாய்க்கும். ஆசாரியைக் கூப்பிட்டால் காசு ஆகும் என்று ஒருத்தன் டிரில்லிங் மெஷினை ஓசி வாங்கி வருவான். கைக்குக் கிடைத்த பிட்டை மாட்டி அழுத்துவான். துளை கதவின் மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும். வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸில் ஒரு பகுதி அந்தத் துளை வழியாகவே போய்விடும் :-)

மெஷின் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் மரத்தை வெட்டுவது முனையில் இருக்கும் பிட்தான். அதனால் முதலில் பிட்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லார் பெட்டியிலும் இருப்பது முறுக்கு பிட். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இது இரும்புக்கும் மரத்துக்கும் பொது. ஆனால் மரத்தில் முனை வழுக்கி இடம் மாறிவிடும். மரத்துக்கென்றே வரும் பிட்டில் நடுவில் கூரான முள்ளும், ஓரத்தில் இரண்டு கத்தி முனைகளும் இருக்கும். முள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஓரம் நாரை அறுத்துவிடும். துளை சிம்பு தெறிக்காமல் வரும்.

சுவருக்குப் போடும் கான்கிரீட் பிட் மரத்துக்கு ஆகவே ஆகாது. அது இடித்துப் பொடியாக்கச் செய்தது, நாரைப் பிய்த்துவிடும். மெஷினில் சுத்தியல் குறி உள்ள பட்டனையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

அலமாரியில் வரும் ஆட்டோ ஹிஞ்சுக்கு 35 மி.மீ. அகலத்தில் குழி வேண்டும், ஆழம் சுமார் 12 மி.மீ. பலகையோ 18 மி.மீ. மிச்சம் ஆறே ஆறு. தட்டை பிட்டின் நீள முள் அதையும் தாண்டிவிடும். இதற்குச் சரியானது ஃபோர்ஸ்ட்னர் பிட். பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர் 1874-ல் காப்புரிமை பெற்றது. அடிப்பக்கம் தட்டையாகக் குழி எடுக்கும்.

ஸ்க்ரூவுக்கு முன் துளை போடுவதிலும் கணக்கு உண்டு. 8-ம் நம்பர் ஸ்க்ரூவின் தடிமன் சுமார் 4.2 மி.மீ. கடின மரத்துக்கு 3, மெதுவான மரத்துக்கு 2.5 மி.மீ. பிட் போதும். பெரிதாகப் போட்டால் மரை பிடிக்காது. போடாமலே முறுக்கினால் ஓரம் பிளந்துவிடும்.

இனி வேலை. பலகையை கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அடியில் ஒரு கழிவுக் கட்டை வைத்தால் மறுபக்கம் பிய்யாது. ஆழத்துக்கு அளந்து பிட்டிலேயே டேப் சுற்றிக்கொள்ளலாம். பிட் பெரிதாக ஆக வேகம் குறைய வேண்டும். அடிக்கடி வெளியே இழுத்துத் தூளைத் தள்ள வேண்டும். புகை வந்தால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது வேகம் அதிகம். காளவாசல் என்றால் சூளை என்று அர்த்தம், அது ஊர்ப் பெயரோடு இருக்கட்டும், மரத்தில் வேண்டாம்!

கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமையே வகைப்படுத்தியிருக்கிறது. துணிக் கையுறை மட்டும் கூடாது, சுற்றும் பிட் அதையும் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

காமர்ஸ் கணக்கில் சொன்னால், ஒரு பிட்டின் விலை கதவின் விலையில் சின்னப் பங்குதான். பேரேட்டில் தப்பாக எழுதிவிட்டால் எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்யலாம். துளைக்கு எதிர்ப்பதிவு கிடையாது. அதனால் முதல் துளை எப்போதும் கழிவுக் கட்டையில் விழட்டும்.