சுவரில் இருக்க வேண்டிய வாள்

புதுமனை புகுவோருக்கு அளிக்கும் அன்பளிப்புகளுள் அலங்கார வாளும் இன்று இடம்பெற்றுவிட்டது. வெல்வெட் உறை, பொன்முலாம் பூசிய பிடி, கண்ணைப் பறிக்கும் அலகு! 2023-இல் திப்பு சுல்தானின் வாள் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோயிற்று. அதன் சாயலில் செய்தவற்றுக்கோ சில நூறு ரூபாயே விலை. அவை கூடத்துச் சுவரை அழகு செய்வதில் தவறில்லை. அவற்றால் எதையேனும் வெட்டிப் பார்க்கும் ஆசை எழும்போதுதான் ஆபத்து பிறக்கிறது.

பெருமாநல்லூரில் நம் சகோதரியின் இல்லத்தில் ஒரு மாலை, கல்லூரியில் பயிலும் அவர் மகன் சுவர் வாளைக் கழற்றிக்கொண்டு கொல்லைக்குச் சென்றார். "குலை தள்ளிய வாழைதானே மாமு, வெண்ணெய் போல் அறுபடும்" என்றார். சிறுவர்கள் சூழ நின்றனர். முதல் வீச்சில் அலகு பாதி இறங்கியது. இரண்டாம் வீச்சில் பிடி மட்டுமே கையில் நின்றது. அலகு சுழன்று பறந்து மதிலில் மோதி விழுந்தது. அவ்விடத்தில் யாருமில்லை என்பதே நாம் பெற்ற பேறு.

முறிந்ததை எடுத்துப் பார்த்தோம். சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத கம்பி ஒன்றை அலகின் அடியில் பற்றவைத்திருந்தார்கள். பற்று விட்டிருந்தது. பனியன் நிறுவனத்தில் கட்டிங் மாஸ்டராகிய மைத்துனர் சொன்னார்: "துணி வெட்டும் மெஷினுக்கே இரும்புக் கண்ணிக் கையுறை போடுகிறோம் மச்சான். இவன் வெறுங்கையோடு, பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு வீசுகிறான்!"

மெய்யான வாளில் அலகின் எஃகே வாலாக நீண்டு பிடிக்குள் செல்லும். அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவர். பின் மிதமாகச் சூடேற்றி, முறியாத உரமும் ஏற்றுவர். சுவர் வாளுக்கோ மின்னுவது மட்டுமே தொழில். வெட்டின் அதிர்ச்சி முழுவதும் அந்த ஒற்றைப் பற்றில் போய்ச் சேர்கிறது. பத்து வீச்சைத் தாங்கிற்று என்பதும் சான்றாகாது. உள்ளே விழுந்த விரிசலை யார் கண்டார்? மழுங்கிய அலகு என்பதும் ஆறுதலன்று. மழுங்கியதை வெட்டச் செய்யக் கூடுதல் வலிமையன்றோ வேண்டியிருக்கிறது?

எஃகின் அருமையை அறியாத மண்ணன்று இது. நமக்குத் தென்கிழக்கே, நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளையும் எஃகு ஆக்கிய சான்றுகளையும் அகழாய்வாளர் கண்டனர். 9-ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றித் தனி நூலே எழுதி, எஃகின் வகைகளைப் பிரித்துக் காட்டினார். வாளின் தரம் அதன் மினுக்கில் இல்லை என்பது அன்றே தெரிந்த செய்தி.

வெட்டிப் பழகுவதே குற்றமா? அன்று. ஜப்பானியர் நனைத்த பாயைச் சுருட்டி நிறுத்தி வெட்டிப் பயில்கின்றனர். ஆயினும் ஒவ்வொரு முறையும் பிடியைப் பிணைக்கும் மூங்கில் ஆணியைச் சோதித்த பின்னரே வாளை உயர்த்துவர். அருகில் எவரையும் நிற்க விடார். நம் பிள்ளைகளுக்கு ஆர்வமிருப்பின் நல்ல சிலம்ப ஆசானிடம் அனுப்புவோம். கோலில் தொடங்கி முறையாகக் கற்கட்டும்.

வீட்டிலிருக்கும் வாளைச் சிறுவர் கைக்கு எட்டாத உயரத்தில் உறுதியாகப் பொருத்துங்கள். பிடி ஆடினால் கையில் எடுக்கவும் வேண்டாம். அது வாளின் உருவம் மட்டுமே. வாளின் வேலையை அதனிடம் கேளாதிருப்போம்.