உடன்குடிப் பக்கம் ஒரு கோடை விருந்து: குப்பைத் தொட்டிக்கு வேலையே இல்லை!

திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்குப் போகும் வழியெங்கும் பனைமரங்கள். சற்று உள்ளே போனால் செக்கச்செவேல் என்று தேரி மணல். சித்திரை, வைகாசி வந்தால் சாலையோரத்தில் நுங்குக் குலைகளும் பதநீர்ப் பானைகளும் வரிசைகட்டும்.

பள்ளி விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் ஊருக்கு வந்து இறங்குவதும் இந்த மாதங்களில்தான். பத்துப் பிள்ளைகள் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால் விருந்துக்கு வேறு காரணம் வேண்டாம். ஆனால் விருந்து முடிந்ததும் கொல்லையில் குவியும் கப், தட்டு, ஸ்ட்ராவை என்ன செய்வது? எரித்தால் புகை, விட்டுவிட்டால் காற்றில் பறந்து, மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குள் போகும்.

‘பேப்பர் கப்தானே’ என்று நினைக்க வேண்டாம். அதன் உட்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் உண்டு.

மாற்றுக்குக் கடை கடையாக அலைய வேண்டியதில்லை. எல்லாம் பனையிலேயே இருக்கிறது.

நேரம் குறிப்பது பதநீர்

பாளையில் வடியும் பதநீர் புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். அப்படியும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். அதனால் விருந்தைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேப்பமர நிழல் போதும். ஃபேன், சீரியல் லைட் எதுவும் தேவைப்படாது.

டம்ளரும் ஓலைதான்

பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டினால் பட்டை தயார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கையும் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் இரண்டாவது பட்டை கேட்பார்கள். நுங்குக்கு ஸ்பூன் எதற்கு? கட்டைவிரல் இருக்கிறதே! பதநீர் கிடைக்காத நாளில் கருப்பட்டி, எலுமிச்சை, சுக்கு, ஏலக்காய் சேர்த்துப் பானகம் கரைக்கலாம். கார்த்திகைக்கு அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையைக் கோடையிலும் ஒருமுறை செய்து பாருங்கள். சாப்பாட்டுக்கு வாழையிலை, உட்காரக் கோரைப்பாய், குடிக்க மண்பானைத் தண்ணீர்.

பொம்மையும் இலவசம்

நுங்கு எடுத்த காய்கள் இரண்டும் ஒரு குச்சியும் இருந்தால் நுங்கு வண்டி உருளும். மிஞ்சிய ஓலையில் காற்றாடி. வெயில் ஏறியதும் திண்ணையில் பல்லாங்குழி. செல்போன் தானாக ஓரம்போகும்.

மிஞ்சியது என்ன?

நுங்குத் தோட்டை நறுக்கிப் போட்டால் மாடு தின்னும். எச்சில் இலையும் அதற்கே. ஓலைப் பட்டை காய்ந்தால் அடுப்புக்கு. கை கழுவிய தண்ணீர் வாழை மூட்டுக்கு.

ஒன்றே ஒன்று: நுங்குக்காரரிடம் பேரம் பேசாதீர்கள். காலையும் மாலையும் மரம் ஏறிப் பாளை சீவினால்தான் ஒரு கலயம் பதநீர் சேரும். அந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முடிந்தால் முதல் நாளே பிள்ளைகளைப் பனங்காட்டுக்கு அழைத்துப் போய், எத்தனை பட்டை பதநீர் வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். மரம் ஏறுவதை ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளை, பட்டையில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காது.