பத்து வருஷ பட்டாளமும் ஐநூறு வார்த்தைக் கட்டுரையும்

நைட் டூட்டி முடிஞ்சு திண்டிவனத்துல பஸ் ஏறினா விழுப்புரம் வர்ற வரைக்கும் நல்லா தூங்கிடுவேன். கண்டக்டரே எழுப்பி விடுவார். போன வருஷம் ரெண்டு மாசம் மட்டும் தூங்கல. ஒரு ராணுவ மேஜர் எழுதின கட்டுரைகளை மொபைல்ல திருத்திக்கிட்டே வந்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

ஆள் என்னோட ப்ளஸ் டூ படிச்சவன். நான் எம்.பி.பி.எஸ். போனேன், அவன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்குப் போனான். நம்ம ‘அமரன்’ மேஜர் முகுந்த் வரதராஜன் பயிற்சி எடுத்த அதே இடம். தோள்ல நட்சத்திரத்தோட ஊருக்கு வந்தப்ப திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட்ல அவங்க அப்பா நடந்த நடை இன்னும் கண்ணுல இருக்கு.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். பட்டாளத்துல இருந்து வந்தாலே ஆயுசுக்கும் பென்ஷன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. அப்படி இல்லீங்க. ஜவானுக்கு 15 வருஷம், ஆபீசருக்கு 20 வருஷம் சர்வீஸ் இருந்தாத்தான் பென்ஷன். பரங்கிமலையில இருந்து போறவங்க ஷார்ட் சர்வீஸ் கமிஷன். 10 வருஷம், வேணும்னா இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம். நிரந்தரமாக்கினா இருக்கலாம். இல்லன்னா ஒரு பணிக்கொடையை வாங்கிக்கிட்டு முப்பத்தி சொச்ச வயசுல வெளிய வரணும். கையில குழந்தை, தலையில வீட்டு லோன்.

என் நண்பனுக்கு நிரந்தரம் கிடைக்கல. பிப்ரவரில ரிலீஸ்.

அவங்க அப்பா என்னைப் பார்த்து, “இன்னா தம்பி, டி.என்.பி.எஸ்.சி.ல எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டா இருக்குதுல்ல? நீயாவது சொல்லக் கூடாதா? இந்த வயசுல பள்ளிக்கூடம் போறேன்னு நிக்கிறான்”னார். அந்தப் பள்ளிக்கூடம்தான் பிஸினஸ் ஸ்கூல். அனுபவம் உள்ளவங்களுக்கான ஒரு வருஷ எம்.பி.ஏ. மாதிரி கோர்ஸ். அகமதாபாத் ஐ.ஐ.எம்.ல 2006-ல இருந்து இருக்கு. ஃபீஸ் முப்பது லட்சத்தைத் தாண்டும். அப்பாவுக்கு மயக்கம் வராததே பெரிசு.

நான் ‘சூரரைப் போற்று’ சொல்லி சமாதானம் பண்ணப் பார்த்தேன். அந்தப் படத்துக்கு மூலம் கேப்டன் கோபிநாத். படத்துல விமானப்படை, நிஜத்துல அவர் தரைப்படை. பட்டாளத்தை விட்டு வந்து ஹாசன்ல விவசாயம் பார்த்தார். ஏர் டெக்கான் பறந்தது 2003-ல. அதாவது ராணுவத்தை விட்டு இருபது வருஷத்துக்கு மேல. அப்பா இதைக் கேட்டுட்டு, “இருபது வருஷம் யார் வீட்ல சாப்பிடுவான்?”னார். நியாயம்தான், நான் வாயை மூடிக்கிட்டேன்.

முதல் வருஷம் ரெண்டு இடத்துக்குப் போட்டான், ரெண்டுலயும் இன்டர்வியூவுக்கே கூப்பிடல. ஜிமேட் ஸ்கோர் நல்லாவே இருந்துச்சு (205-ல இருந்து 805 வரை மார்க், 45 நிமிஷமா மூணு பகுதி, அது வெறும் உழைப்பு). அப்புறம்தான் கட்டுரையை எனக்கு அனுப்பினான். “மச்சான், நீ முகநூல்ல எழுதுறல்ல, பாருடா.”

படிச்சேன். ஒண்ணுமே புரியல. முழுக்க சுருக்கெழுத்து. மிச்சம் இருந்ததெல்லாம் ‘சவாலான சூழலில் 120 பேர் கொண்ட அணியை வழிநடத்தினேன்’ ரகம். ‘கம்பெனி கமாண்டர்’னு ஒரு இடத்துல இருந்துச்சு. அவங்க மாமா ஒருத்தர் அதைக் கேட்டு “எந்தக் கம்பெனி, டி.வி.எஸ்.ஸா?”ன்னாராம். சிரிச்சோம், ஆனா படிக்கிற பேராசிரியர் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

சிபாரிசுக் கடிதமும் அப்படியே. கமாண்டிங் ஆபீசர் நல்ல மனுஷன், ‘ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், விளையாட்டில் ஆர்வமுள்ளவர்’னு கொடுத்திருந்தார். இது என் பத்தாம் வகுப்பு நன்னடத்தைச் சான்றிதழ்லயும் இருக்கு.

இத்தனைக்கும் இவன் வேலை என்னன்னு நினைக்கிறீங்க? துப்பாக்கி தூக்கி ஓடுற பிரிவு இல்ல, ஆர்மி சர்வீஸ் கோர். அரிசி, பருப்பு, முட்டை, டீசல், மண்ணெண்ணெய். லடாக் பக்கம் ஸோஜி லா கணவாய் பனியில மூடுறதுக்குள்ள, குளிர்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் தின்னவும் எரிக்கவும் வேண்டியதை மேல ஏத்தணும். ஒரு எம்.பி.ஏ. மாணவன் ரெண்டு வருஷம் பாடமாப் படிக்கிறதை இவன் பனியில நின்னு செஞ்சிருக்கான். ஆனா கட்டுரையில மண்ணெண்ணெய்ங்கிற வார்த்தையே இல்ல! ஏன்டான்னா, “அது கௌரவமா இருக்காதுடா”ங்கிறான்.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் 1946-ல அமெரிக்க விமானப்படையில புள்ளிவிவரக் கணக்கு பார்த்த பத்து ஆபீசருங்க கூட்டமா ஃபோர்டு கம்பெனிக்குப் போனாங்க. அவங்கள்ல ஒருத்தர் மெக்நமாரா, 1960-ல ஃபோர்டு தலைவராவே ஆனார். அவங்களைக் கம்பெனி எடுத்தது குண்டு போட்டதுக்காக இல்ல, கணக்குக்காக. இதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தான்.

அடுத்த கேள்விதான் கஷ்டம். ‘நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பம், ஐநூறு வார்த்தைக்குள்.’ ஆறு தடவை எழுதினான். ஆறுலயும் தோத்தது வானிலை.

அன்னிக்கு ராத்திரி போன்ல ஒண்ணு சொன்னேன், இதுவரைக்கும் இங்க எழுதினதில்ல. நான் ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்தப்ப ஒரு பிரசவம். குழந்தை நல்லா இருக்கு, அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கல. ஊசி போட்டாச்சு, கர்ப்பப்பையை அழுத்தி மசாஜ் பண்ணியாச்சு. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, இருபது வருஷ சர்வீஸ், “சார், 108-க்குச் சொல்லிடலாமா?”ன்னாங்க. நான் “இருங்க, நின்னுடும்”னேன். இருபத்தஞ்சு நிமிஷம். அப்புறம்தான் வண்டியைக் கூப்பிட்டு முண்டியம்பாக்கம் அனுப்பினேன். நாலு யூனிட் ரத்தம் ஏத்திப் பிழைச்சாங்க. ரெஃபரல் சீட்டுல நான் எழுதினது, ‘நோயாளியின் நிலை திடீரென மோசமடைந்தது.’

திடீர்னு ஒண்ணும் ஆகல. அந்த அக்கா அந்தச் சீட்டைப் படிச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல.

போன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்புறம் அவன் ஆரம்பிச்சான்.

கேப்டனா இருந்தப்ப அக்டோபர்ல ஒரு கான்வாய். எந்தச் சாமான் முதல்ல போகணும்னு இவன் காகிதத்துல அட்டவணை போட்டிருந்தான். ஹவில்தார் ஒருத்தர், அந்தப் பாதையில பல குளிர்காலம் பார்த்தவர், “சாப், மண்ணெண்ணெயை முதல்ல ஏத்திடலாம், மேகம் சரியில்ல”ன்னார். இவன் அட்டவணைப்படிதான்னு சொல்லிட்டான். மூணாவது நாள் பனி, பாதி வண்டி திரும்பிடுச்சு. மேல ஒரு போஸ்ட்ல பதினோரு நாள் எரிபொருளை அளந்து அளந்து எரிச்சாங்க. சமையலுக்கு வச்சுக்கிட்டு, ராத்திரி கணப்பை அணைச்சிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, நல்லவேளை. ரிப்போர்ட்ல இவன் எழுதினது, ‘எதிர்பாராத பனிப்பொழிவு.’

“அதை எழுதுடா”ன்னேன். “என்னை எவன்டா எடுப்பான்?”னான். எழுதினான். இடத்தோட பேரு, யூனிட் பேரு, எண்ணிக்கை எதுவும் இல்லாம, அந்தப் பதினோரு நாளும் ஹவில்தார் சொன்ன அந்த ஒரு வாக்கியமும் மட்டும். அடுத்த வருஷம் அட்டவணை போடும்போது முதல்ல அவரைக் கூப்பிட்டு உட்கார வச்சதையும் எழுதினான். நான் திருத்தினது ரெண்டு கமா.

ஆன்லைன் இன்டர்வியூ விழுப்புரத்துல எங்க வீட்ல நடந்துச்சு. அவங்க ஏரியாவுல அன்னிக்கு கரன்ட் கட். பக்கத்து ரூம்ல என் பொண்ணு கத்தாம இருக்க நான் கார்ட்டூன் போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பேராசிரியர் கேட்டது காதுல விழுந்துச்சு. பத்து வருஷம் உத்தரவு போட்டுப் பழகினவர், எதிர்த்துப் பேசுற ஆளுங்களோட எப்படி வேலை செய்வீங்க? இவன் சொன்னான்: இருபத்தி நாலு வயசு லெப்டினன்ட்கிட்ட இருபது வருஷ சர்வீஸ் போட்ட ஹவில்தார் ‘சரி சாப்’னு எத்தனை விதமாச் சொல்வார் தெரியுமா, அதுல எது ‘முடியாது’ன்னு கண்டுபிடிக்கவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம். எனக்கு எங்க நர்ஸ் அக்கா ஞாபகம்.

ஒரு இடத்துல இல்லன்னுட்டாங்க. இன்னொண்ணுல வெயிட் லிஸ்ட். ஜனவரி கடைசில கூப்பிட்டாங்க.

உங்க வீட்லயோ தெருவுலயோ இப்படி யாராவது இருந்தா ஒண்ணு சொல்லுங்க. மீள்குடியமர்வு இயக்குநரகம்னு பாதுகாப்பு அமைச்சகத்துல இருக்கு, டி.ஜி.ஆர்.னு சொல்வாங்க. ரிலீஸ் ஆகப்போற ஆபீசர்களுக்கு ஐ.ஐ.எம்.கள்ல ஆறு மாச மேலாண்மைப் படிப்பு ஏற்பாடு பண்ணி, ஃபீஸ்ல பெரும்பங்கை அவங்களே கட்டுறாங்க. இவனும் அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பெரிசுக்குப் போட்டான். ஒண்ணரை வருஷம் முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லுங்க. தடையில்லாச் சான்று வாங்கவே மாசக்கணக்குல ஆகுது. 2022-ல வந்த அக்னிபத்ல நாலு வருஷத்துல முக்கால்வாசிப் பேரு கையில 11.71 லட்சத்தோட திரும்பி வரப்போறாங்க. செஞ்சி, மயிலம் பக்கத்துப் பசங்களும் அதுல இருக்காங்க. அவங்களுக்கு ஐ.ஐ.எம். எல்லாம் இல்ல. அவங்களைப் பத்தித் தனியா எழுதணும்.

ஏப்ரல்ல கிளம்புறதுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்ட் எதிர்ல டீ குடிச்சோம். கல்விக் கடன் பேப்பர்ல ஜாமீன் கையெழுத்து போட்டது அப்பாதான். இன்னும் முறைச்சுக்கிட்டுதான் இருக்கார். நண்பன் அங்கிருந்தே அந்த ஹவில்தாருக்குப் போன் போட்டான். ரிட்டயர்டு ஆகி ஊர்ல கோதுமை போடுறார். ஸ்பீக்கர்ல வச்சான். ரொம்ப சந்தோஷப்பட்டார். எல்லாம் கேட்டுட்டு கடைசியா ஒரு சந்தேகம்:

“அதெல்லாம் சரி சாப், கோர்ஸ் முடிச்சா என்ன ரேங்க்?”