எங்கள் வீட்டு அமீனா

ஆனி பிறந்துவிட்டால் பீர்மேட்டில் வெயிலைக் காண்பது அரிது. 3,000 அடி உயரம். குட்டிக்கானம் பக்கமிருந்து கிளம்பும் மூடுபனி எங்கள் லயத்து வாசல்வரை வந்து நிற்கும். படுதாவைச் சுற்றிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்பும் அம்மா, நாலு எட்டு வைப்பதற்குள் கண்ணுக்கு மறைந்துவிடுவார். அப்படியொரு மழைக்காலத்தில்தான், வெயில் இல்லாமல் வாழத் தெரியாத ஓர் உயிர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் சித்தப்பா. தேயிலை லோடு ஏற்றிக்கொண்டு கொச்சி ஏலத்துக்குப் போகும் லாரியில் கிளீனராக இருந்தார். சட்டைப் பைக்குள்ளிருந்து தண்ணீர் கட்டிய பாலிதீன் பையை எடுத்து அடுப்படி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே பச்சை நிறத்தில் ஓர் ஆமைக்குஞ்சு. கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு. திருப்பிப் பார்த்தால் வயிற்று ஓடு மஞ்சள். அதில் கட்டத்துக்கு ஒரு கரும்புள்ளி.

அப்பத்தா பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா. ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலையா?”

“இது அதிர்ஷ்ட ஆமை ஆத்தா. காசு வருமின்னு சீனாக்காரன் வளக்குறான். இதுக்கு மேல வளராதுன்னு கடைக்காரர் சொன்னாரு.”

அண்ணன் அன்றைக்கே அதற்கு அமீனா என்று பெயர் வைத்துவிட்டான்.

துணி அலசும் பிளாஸ்டிக் பேசின்தான் அதன் வீடு. ஏறி உட்கார ஓர் உடைந்த ஓடு. கறிவேப்பிலைச் செடிக்கடியில் மண்புழு தோண்டிவந்து போடுவோம். மத்தி வாங்கினால் அதற்கும் ஒரு துண்டு உண்டு. ஓட்டின் மேல் வைத்தால் வாயில் கவ்வும், ஆனால் விழுங்காது. தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்த்தான் விழுங்கும். நீர் ஆமைகளுக்கு வாயில் எச்சில் ஊறாது என்பதும், தண்ணீர்தான் இரையைத் தொண்டைக்குள் தள்ளுகிறது என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

ஆடி வந்தது. பேசின் தண்ணீரில் விரல் வைத்தாலே விறைத்தது. அமீனா சாப்பிடுவதை நிறுத்தியது. கண் வீங்கி மூடிக்கொண்டது. முதுகோட்டை அழுத்தினால் நெகிழ்ந்தது. அம்மா பேசினை அடுப்படிக்குள் தள்ளி வைத்தார். அப்பத்தா மட்டும் திட்டிக்கொண்டே இருந்தார்.

அவர் வாக்குப் பலித்த மாதிரியே மற்றதும் நடந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேயிலை விலை சரிந்து, பீர்மேடு வட்டாரத்தில் தோட்டங்கள் பல பூட்டப்பட்டன. எங்கள் தோட்டமும் பூட்டியது. சம்பளம் நின்றது, ரேஷன் அரிசிக்கே திண்டாட்டம். தட்டுமுட்டுச் சாமான்களோடு குமுளி மலை இறங்கிக் கம்பத்துக்குப் போனோம். அமீனா என் மடியில் தூக்குச்சட்டிக்குள் வந்தது.

கம்பத்து வெயில்தான் அதைப் பிழைக்க வைத்தது. ஆடுமாடு பார்க்கும் அரசு டாக்டரிடம் அண்ணன் கொண்டுபோய்க் காட்டினான். சிரித்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, தினமும் வெயில் காட்டு. வெயில் படாம ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து ஏறாது. நாட்டு மருந்துக் கடையில கடல்நுரை வாங்கிப் போடு. தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவு. ஆமை மேல சால்மொனெல்லா கிருமி இருக்கும்.” சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கிருமி தொற்றியதால்தான் அமெரிக்கா 1975-லேயே நாலு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டது.

ஓடு இறுகியது. அதோடு வளரவும் தொடங்கியது. பேசின் போதாமல் சிமென்ட் தொட்டி கட்டினோம். இன்றைக்கு அது சாப்பாட்டுத் தட்டு அகலம். அண்ணன் வீட்டில் இருக்கிறது. அப்பா கம்பத்தில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனார், நாங்கள் படித்தோம், வீடு உருப்பட்டது. ஆமை புகுந்து எந்த வீடும் கெட்டதில்லை. வீடு புகுந்த ஆமைதான் கெட்டுப்போகிறது.

அமீனாவின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. சிவப்புக்காது ஆமை என்பார்கள். 30 சென்டிமீட்டர்வரை வளரும், 30 ஆண்டுகூட இருக்கும். வளர்க்க அலுத்துப்போய் ஆற்றில் விட்டால் நம் ஊர் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். 2018-இல் திருச்சூர் காளத்தோடு வாய்க்காலில் இது அகப்பட்டது. பிறகு பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், வளர்க்க முடியாதவர்கள் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

குளத்தில் பிடித்த நாட்டு ஆமையை வளர்க்கலாமே என்றால், 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. கடை ஆமைதான் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், முதலில் பெரிய தொட்டி, அழுக்கு வடிக்கும் ஃபில்டர், வெயில் அல்லது புறஊதா விளக்கு, ஏறிக் காய ஒரு திட்டு என்று எல்லாவற்றையும் தயார் செய்யுங்கள். இவற்றுக்கு வழியில்லை என்றால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கடைசிவரை நீங்களே வளருங்கள். பெரியாற்றிலோ முல்லையாற்றிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள்.