கடைமடைக்குப் போய்ச் சேரும் படம்

பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஆடுபவர் இருவர்தாம். சுற்றி அமர்ந்து பார்த்தவர்கள் எத்தனை பேரோ! பார்ப்பவர்கள் சும்மா இருப்பதுமில்லை. "அந்த ஆட்டை நகர்த்து" என்பார் ஒருவர்; "புலி மாட்டிக்கொண்டது" என்பார் இன்னொருவர். ஆட்டத்தின் சுவையில் பாதி அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. யாரோ ஒருவன் கணினியில் விளையாடுவதை ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்ப்பதாவது என்று முகம் சுளிக்கும் என் தலைமுறை நண்பர்களுக்கு நான் அந்த மண்டபத்தைத்தான் நினைவூட்டுவேன்.

இப்போதைய மண்டபத்தின் வரலாறு சிறியது. 2007இல் ஜஸ்டின் கான் என்ற அமெரிக்க இளைஞர், தொப்பியில் பொருத்திய ஒளிப்படக் கருவியின் வழியே தம் அன்றாட வாழ்வை இடைவிடாமல் ஒளிபரப்பத் தொடங்கினார். அந்த ஜஸ்டின் டிவியின் விளையாட்டுப் பகுதி 2011இல் ட்விட்ச் என்ற பெயரில் தனியாகப் பிரிந்தது. 2014இல் அமேசான் அதை ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு வாங்கியது. இடையில் 2012இல் ஓ.பி.எஸ். என்னும் இலவச மென்பொருள் வெளிவந்தது. அதன்பின் ஒரு கணினியும் இணைய இணைப்பும் உள்ள எவரும் ஒளிபரப்பாளர் ஆகலாம் என்றாயிற்று.

அப்படி ஆனவர்களில் ஒருவன் என் தமக்கையின் மகன். திருச்சியில் இருக்கிறான். வாரத்தில் மூன்று இரவுகள் ஃபார்மிங் சிமுலேட்டர் என்னும் உழவு விளையாட்டை நேரலையில் காட்டுகிறான். 2024 நவம்பரில் வெளிவந்த அதன் பதிப்பில் நெல் சாகுபடியும் சேர்க்கப்பட்டது. அவனுடைய பார்வையாளர்கள் முப்பது, நாற்பது பேர். அவர்களுள் ஒருவர் என் தந்தையார். வயது 79. தலைஞாயிறுக்கு அருகே, காவிரி நீர் கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் உள்ள கடைமடையில், ஐம்பது ஆண்டுகள் நடவும் அறுவடையும் பார்த்தவர். முழங்கால் வலி வந்தபின் வயலுக்குப் போவதில்லை. பேரன் திரையில் நாற்று நடுவதைக் கைப்பேசியில் பார்ப்பது அவருடைய இரவு நேரப் பொழுதாயிற்று.

பார்ப்பதோடு நில்லாமல், எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கருத்தும் எழுதுவார். "வரப்பை ஒட்டி ஒரு வரிசை விட்டுப்போச்சு தம்பி" என்று அவர் எழுதி அனுப்பும்போது நடவு எந்திரம் வயலின் மறுகோடிக்குப் போயிருக்கும். "எந்த வரப்பு தாத்தா?" என்று அவன் கேட்பான். அந்தக் கேள்வி அவருடைய காதுக்கு வந்து சேர இன்னும் அரை நிமிடம். நடுநடுவே படம் நின்று, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். "நான் பேசுறது அவனுக்குத் தொந்தரவா இருக்குபோல" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டார். பேரனோ, தாத்தாவுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டான். இருவருக்கும் இடையே இருந்த மனத்தாங்கல் உண்மையில் சில நொடிகளின் கணக்கு என்பது இருவருக்குமே தெரியவில்லை. காணொளிப் பரிமாற்றம் தொடர்பான மென்பொருள் என் பிழைப்பு என்பதால், பொங்கல் விடுமுறைக்குத் திருச்சி போனபோது அவன் மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவன் 1080 வரிப் படத்தை நொடிக்கு 60 சட்டகங்களாக, 6,000 கிலோபிட் பிட்ரேட்டில் அனுப்பிக்கொண்டிருந்தான். பெரிய ஒளிபரப்பாளர்கள் வைத்திருக்கும் அளவு அதுதான் என்றான். கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு சட்டகத்தில் 20,73,600 படப்புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் என வைத்து 60ஆல் பெருக்கினால், சுருக்காத படம் நொடிக்கு ஏறத்தாழ 299 கோடி பிட் ஆகும். அனுப்புவதோ 60 லட்சம். அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. மீதியை எல்லாம் என்கோடர் என்னும் குறிமாற்றி கழித்துவிடுகிறது. முழுச் சட்டகம் ஒன்றை எழுதிவிட்டு, அடுத்தடுத்தவற்றில் மாறியதை மட்டும் குறித்துவைப்பது அதன் வழி. அசையாத சதுரங்கப் பலகைக்கு இது மிக எளிது. ஆயிரமாயிரம் தாள்கள் காற்றில் ஆடும் நெல்வயலுக்கோ, ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. தரப்பட்ட பிட் போதாமல் குறிமாற்றி திணறி, வயலைப் பச்சைச் சேறாகக் குழப்பிவிடுகிறது. தாத்தா கண்ணை இடுக்கிப் பார்த்தது அந்தச் சேற்றைத்தான்.

பலருக்கும் வியப்பளிக்கும் இடம் இது. படத்தின் அளவைக் குறைத்தால் தெளிவு கூடுவதுண்டு. 1080 வரி, 60 சட்டகம் என்றால் நொடிக்கு 12.44 கோடிப் புள்ளிகள். 60 லட்சம் பிட்டை அவற்றுக்குப் பகிர்ந்தால் புள்ளிக்கு 0.048 பிட். 720 வரி, 30 சட்டகம் என்றால் நொடிக்கு 2.76 கோடிப் புள்ளிகள்தாம். 30 லட்சம் பிட் மட்டும் தந்தாலும் புள்ளிக்கு 0.108 பிட் கிடைக்கிறது. பாதிச் செலவில் இரு மடங்குக்கும் மேலான பங்கு! துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு 60 சட்டகம் தேவைப்படலாம். டிராக்டர் ஓட்டுவதற்கு 30 தாராளம்.

அடுத்தது தடங்கல். "லேக் அடிக்கிறது" என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஓ.பி.எஸ்.ஸில் புள்ளிவிவரப் பலகையைத் திறந்தால் மூன்றும் தனித்தனியாக எண்ணப்படுவதைக் காணலாம். வரைகலை அட்டை முழுவதையும் விளையாட்டே விழுங்கிவிட்டால், ஒளிபரப்புக்கான சட்டகத்தை வரைய நேரமில்லாமல் போவது முதலாவது. விளையாட்டின் சட்டக வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தால் அது தீரும். மையச் செயலி திணறிக் குறிமாற்றம் பின்தங்குவது இரண்டாவது. அதற்கு எக்ஸ்264இன் வேகமான நிலைக்கு மாறலாம்; அல்லது என்விடியா அட்டைகளில் இதற்கென்றே உள்ள என்வென்க் என்னும் தனிச் சுற்றிடம் அந்த வேலையை ஒப்படைக்கலாம். இணைய வழி போதாமல் சட்டகங்கள் கைவிடப்படுவது மூன்றாவது. முதல் நோய்க்கு மூன்றாவதன் மருந்தைக் கொடுத்துப் பயனில்லை. மாதக் கட்டணத்தைக் கூட்டி வேகமான இணைப்பு வாங்கியும் படம் தெளியாத வீடுகள் பலவற்றில் நடந்திருப்பது இதுதான்.

என் மருமகனுக்கு இருந்தது மூன்றாவது நோய். பதிவேற்ற வேகம் பகலில் 8 மெகாபிட். இரவு ஒன்பது மணிக்கு அளந்தால் 5. அதில் 6 மெகாபிட்டைத் திணித்துக்கொண்டிருந்தான். அளந்து கிடைத்த குறைந்தபட்ச வேகத்தில் முக்கால் பங்குக்குமேல் போகாமலிருப்பது நல்லது. மோடத்துக்கும் கணினிக்கும் நடுவே இரண்டு சுவர்கள் இருந்தன. வைஃபையை விட்டுவிட்டு ஈதர்நெட் கேபிள் ஒன்றை இழுத்தோம். பிட்ரேட்டை ஏறி இறங்காத மாறா நிலையில் வைத்தோம்.

இனி, தாமதம். தடங்கலே இல்லாத ஒளிபரப்பிலும் தாமதம் உண்டு. கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் ஆரவாரம் முதலில் கேட்டு, நம் திரையில் பந்து அதன்பிறகு எல்லைக்கோட்டைத் தாண்டுவதை அனுபவித்திருப்பீர்கள். விளையாடுபவரிடமிருந்து தளத்துக்குப் படம் பெரும்பாலும் ஆர்.டி.எம்.பி. என்னும் முறையில் போகிறது. ஃபிளாஷ் காலத்தில் பிறந்த அந்த முறை, 2020இல் ஃபிளாஷ் மறைந்த பின்னும் உயிரோடு இருக்கிறது. தளத்திலிருந்து பார்வையாளருக்கு வரும் வழி வேறு. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறையில் படம் சிறு சிறு துண்டுகளாக வெட்டப்படுகிறது. பார்வையாளரின் கருவி, வழக்கமாக, மூன்று துண்டுகள் பின்தங்கி ஓட்டத் தொடங்கும். துண்டு 6 நொடி என்றால் அந்த இடத்திலேயே 18 நொடி போய்விடுகிறது. அந்த இருப்பு வீணன்று. அலைவரிசை தடுமாறும் நேரத்துக்கான களஞ்சியம் அது. களஞ்சியத்தைக் குறைத்தால் பேச்சு உடனுக்குடன் நடக்கும்; ஆனால் சிறு தடுமாற்றத்துக்கும் படம் நிற்கும். யூடியூப் போன்ற தளங்கள் இயல்பான தாமதம், குறைந்த தாமதம், மிகக்குறைந்த தாமதம் என மூன்று நிலைகளை வைத்து, எது வேண்டும் என்பதை ஒளிபரப்பாளரிடமே விட்டிருப்பது இதனால்தான்.

துண்டுகளை முழுச் சட்டகம் வரும் இடத்தில்தான் வெட்ட முடியும். தானாக அமையட்டும் என்று விட்டால் எக்ஸ்264 250 சட்டகங்களுக்கு ஒருமுறைகூட முழுச் சட்டகம் எழுதக்கூடும். நொடிக்கு 30 சட்டகம் என்னும்போது அது எட்டு நொடிக்கும் மேல். 2 நொடி என்று நாமே குறித்துவிட வேண்டும். பெருந்தளங்கள் பரிந்துரைப்பதும் அதைத்தான்.

தாமதத்தை வேண்டியே வைப்பவர்களும் உண்டு. எதிராளி தம் ஒளிபரப்பைப் பார்த்தே தம் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்காதிருக்கச் சண்டை விளையாட்டுக்காரர்கள் சில நிமிடங்கள் பின்தள்ளி ஒளிபரப்புவார்கள். 2022இல் சின்க்ஃபீல்ட் கோப்பைச் சதுரங்கப் போட்டியிலிருந்து மேக்னஸ் கார்ல்சன் பாதியில் விலகியபோது, அமைப்பாளர்கள் நேரலையை 15 நிமிடம் பின்தள்ளினார்கள். ஆகவே, தாமதத்தைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பார்ப்பவரை எவ்வளவு தூரத்தில் உட்காரவைக்கிறோம் என்பதன் அளவு அது. தாத்தாவை எங்கே உட்காரவைப்பது என்பதுதான் எங்கள் கேள்வி.

அதற்கு விடை காணும் முன் இன்னொன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரிய ஒளிபரப்பாளர்களின் படத்தைத் தளமே பல தரங்களில் மாற்றித் தரும். பார்ப்பவர் தம் இணைப்புக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். சிறியவர்களுக்கு இந்த வசதி எல்லாத் தளங்களிலும் உறுதியில்லை. இவன் ஒளிபரப்பும் தளத்தில் பெரும்பாலான இரவுகளில் அது கிடைக்கவில்லை. அப்படியானால் அவன் அனுப்பும் 6,000 கிலோபிட்டை அப்படியே வாங்க முடிந்தவர்தான் பார்க்கலாம். எங்கள் ஊரில் இரவில் கைப்பேசி இணைப்பு 4 மெகாபிட்டைத் தாண்டாது.

பெரியவர்களின் தளத்தில் வேலை செய்யும் அளவைச் சிறியவர்கள் பின்பற்றுவது எங்கே தவறுகிறது என்பது இங்கே தெரிகிறது. மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள் என்பது செய்தித்தாளில் வரும். எங்கள் ஊரில் அதைக் கேட்டு யாரும் மகிழ்வதில்லை. வாய்க்காலின் கடைசி மதகில் எத்தனை விரற்கடை நீர் நிற்கிறது என்றுதான் போய்ப் பார்ப்பார்கள். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ தாத்தா போன்லேருந்து ஆரம்பிக்கணும், இல்லையா மாமா?" என்றான்.

720 வரி, 30 சட்டகம், 3,000 கிலோபிட், 2 நொடிக்கு ஒரு முழுச் சட்டகம், குறைந்த தாமதம் என்று முடிவாயிற்று. இப்போது ஐந்தாறு நொடிகளில் படம் ஊருக்குப் போய்விடுகிறது. கைப்பேசித் திரையில் 1080க்கும் 720க்கும் வேறுபாடு கண்டு எவரும் குறை சொல்லவில்லை. பெரிய திரையில் பார்க்கும் இரண்டொருவர் மட்டும் படம் மென்மையாகிவிட்டது என்று எழுதினார்கள். அவர்களுக்கு அது இழப்புதான்; மறுக்கவில்லை. தந்தையார் மீண்டும் எழுதத் தொடங்கிவிட்டார். தாத்தா ஒவ்வொரு வரிசைக்கும் குறை சொல்கிறார் என்பது பேரனின் இப்போதைய முறையீடு.

காலம் மாறிக்கொண்டிருக்கிறது. குறைந்த பிட்டில் தெளிவான படம் தரும் ஏ.வி.1 முறைக்கான தனிச் சுற்று, 2022 முதல் புதிய வரைகலை அட்டைகளில் வருகிறது. ஒரு நொடிக்கும் குறைவான தாமதம் தரக்கூடிய வெப்ஆர்டிசி வழியை ஓ.பி.எஸ். 2023இல் சேர்த்துக்கொண்டது. இவையெல்லாம் வாய்க்காலை அகலப்படுத்தும், மகிழ்ச்சியே. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரேனும் விளையாட்டை நேரலை செய்தால், புதுக் கருவி வாங்கும் முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒளிபரப்பை ஓடவிட்டு, வீட்டு வைஃபையை அணைத்த ஒரு சாதாரணக் கைப்பேசியோடு, இணைப்பு மெலிந்த ஓர் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் தம் படத்தைத் தாமே பார்க்கட்டும். எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.