கடல் கடந்த மரச்சிறகு

மாதிரி விமானம் என்றதும் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கும் அழகுப்பொருளே பலருக்கும் நினைவுக்கு வரும். வானலைக் கட்டுப்பாட்டால் பறக்கும் மாதிரி விமானம் அவ்வகையைச் சேர்ந்தது அன்று. அது பறப்பதற்கென்றே செய்யப்படுவது. ஆகவே விழவும் கூடியது. பெரிய விமானத்தைத் தாங்கும் அதே காற்றுதான் இதனையும் தாங்குகிறது. உருவில் சிறியது என்பதற்காகக் காற்று இதற்குச் சலுகை எதுவும் காட்டுவதில்லை. பயணிகள் விமானம் உணராமலே கடந்துபோகும் ஒரு சிறு காற்றுச்சுழல் இதனைத் தலைகீழாகப் புரட்டிவிடும்.

இதனைச் செய்யும் கைகளுக்கு முதலில் அறிமுகமாவது பால்சா மரம். தென்னமெரிக்காவின் வெப்பமண்டலக் காடுகளில், குறிப்பாக எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளையும் இம்மரம் முருங்கையைப் போல மென்மையானது. ஆனால், உலர்ந்தபின் தன் எடைக்கு மீறிய உறுதி உடையது. இதன் மெல்லிய பலகைகளை வெட்டி இறக்கையின் விலா எலும்புகளைப் போல வரிசையாக நிறுத்தி, நடுவே நீளச் சட்டம் கோத்து, பசையிட்டு ஒட்டுவர். அதன்மேல் நெகிழிப்படலத்தைப் போர்த்திச் சிறிய இஸ்திரிப்பெட்டியால் சூடேற்றினால், படலம் சுருங்கி முரசின் தோலைப்போல் விறைத்து நிற்கும். பிறகு எடைமையம் பார்க்க வேண்டும். இறக்கையின் அடியில் இருபுறமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கும்போது விமானம் முன்னும் பின்னும் சாயாமல் சமமாக நிற்க வேண்டும். இறக்கை அகலத்தின் முன்பகுதியில், கால் பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடையே அம்மையம் அமைவது பொதுவாக நன்று. வால் கனத்த விமானம் தரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வானில் அடங்காது.

ஓட்டும் கலை வேறு. விமானி விமானத்திற்குள் இல்லை, தரையில் நிற்கிறார். விமானம் அவரை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலப்பக்கமும் அவருடைய வலப்பக்கமும் ஒன்றே. அது திரும்பி அவரை நோக்கி வரும்போது இரண்டும் இடம் மாறிவிடுகின்றன. புதிதாகப் பழகுவோரின் விமானங்கள் பல உடைவது இந்த ஒரு குழப்பத்தினால்தான். இத்தனைக்கும் விமானத்தைக் கண்ணால் காண்பதே முதல் தேவை. அப்படியிருக்க, பார்வையைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஒருவர் தம் 77ஆம் வயதில் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் ஒரு மாதிரி விமானத்தை அனுப்பினார் என்பது எளிதில் நம்பக்கூடிய செய்தியன்று.

அவர் பெயர் மேனார்டு ஹில். 1926இல் பிறந்த அமெரிக்கர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் உலோகவியலாளராகப் பணியாற்றியவர். மாதிரி விமானம் அவருக்கு ஊதியம் தந்த தொழிலன்று. ஓய்வு நேரத்தின் விருப்பம். ஆனால், அந்த விருப்பத்தை அவர் ஓர் ஆய்வாளரின் கண்டிப்போடு நடத்தினார். 1970இல் அவருடைய மாதிரி விமானம் ஒன்று 8,000 மீட்டருக்கும் மேலான உயரத்தை எட்டியது. ஏறத்தாழ எவரெஸ்டின் உயரம் அது! தெளிந்த வானிலையில் தரைக்குமேல் ஒவ்வொரு மீட்டர் உயரத்திற்கும் காற்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 100 வோல்ட் மிகுகிறது. ஓர் இறக்கை தாழ்ந்து மற்றொன்று உயர்ந்தால் இரு முனைகளிலும் மின்னழுத்தம் வேறுபடும். அந்த வேறுபாட்டை உணர்ந்து விமானத்தை நிமிர்த்தும் கருவியை 1970களின் தொடக்கத்திலேயே அவர் உருவாக்கிக் காட்டினார். உயரம், தொலைவு, நீடித்த பறத்தல் ஆகியவற்றில் பல உலகச் சாதனைகள் அவர் பெயரில் பதிவாயின.

அட்லாண்டிக்கைக் கடக்கும் எண்ணத்திற்குக் குறுக்கே நின்றது கடல் மட்டுமன்று, ஒரு விதியும்தான். பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி மாதிரி விமானச் சாதனையாக ஏற்கப்பட வேண்டுமானால், எரிபொருளும் சேர்ந்து விமானத்தின் எடை ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. வீட்டுக்கு வாங்கிவரும் ஒரு சிறிய அரிசிப் பையின் எடைதான் அது. அதற்குள் உடல், இறக்கை, எஞ்சின், கருவிகள், 3,000 கிலோமீட்டருக்கான எரிபொருள் அனைத்தும் அடங்க வேண்டும். எடைக்கு வரம்பில்லையேல் பெரிய தொட்டி ஒன்றைப் பொருத்தி எவரும் முயன்றிருக்கலாம். இந்த ஐந்து கிலோதான் அந்த விமானத்தின் உண்மையான வடிவமைப்பாளர் என்றுகூடச் சொல்லலாம். மொத்த எடையில் ஏறத்தாழப் பாதியை எரிபொருளுக்கே ஒதுக்கினார் ஹில். எஞ்சிய பாதியில் ஒவ்வொரு கிராமும் தான் இருப்பதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

அடுத்த கேள்வி, அந்த எரிபொருள் எது என்பது. மாதிரி விமான எஞ்சின்கள் பலவும் மெத்தனாலில் இயங்குபவை. பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருள் ஒன்று மெத்தனால் ஆவி பட்டுத் தொடர்ந்து கனன்று, எரிதலைத் தூண்டிக்கொண்டே இருக்கும். எளிய ஏற்பாடு, தனி மின்கலம்கூட வேண்டாம். ஆனால், ஒரு கிலோ மெத்தனால் தரும் வெப்பம் அதே எடையுள்ள பெட்ரோல் தருவதில் பாதிகூட இல்லை. ஆகவே, முகாம் விளக்குகளில் எரிக்கப்படும் தூய வெள்ளைப் பெட்ரோலை ஹில் தேர்ந்தெடுத்தார். கனலும் கம்பி அதற்கு உதவாது, தீப்பொறி வேண்டும். தீப்பொறிக்கு மின்கருவிகள் வேண்டும். அவற்றுக்கு எடை உண்டு. கூட்டிக் கழித்துப் பார்த்தபோது இந்தக் கூடுதல் எடை தகுந்ததே என்று தெரிந்தது. கடையில் கிடைக்கும் 10 கன சென்டிமீட்டர் அளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் ஒன்றை எடுத்து, அதன் கார்புரேட்டரை மாற்றி, வேகத்துக்காகச் செய்யப்பட்டதைச் சிக்கனத்துக்காகத் திருத்தினார். முடிவில் அது மணிக்கு 60 கிராம் அளவே எரிபொருள் குடித்தது. நான்கு லிட்டருக்கும் குறைவான எரிபொருளில் ஒரு பெருங்கடல்!

எரிபொருள் குறையக் குறைய எடைமையம் இடம் பெயரக்கூடாது. பயணத் தொடக்கத்தில் விமானத்தின் பாதியாக இருந்த பொருள் முடிவில் இல்லாமலே போகிறது. ஆதலால், இத்தகைய விமானத்தில் தொட்டி எடைமையத்தை ஒட்டியே அமைய வேண்டும். தொட்டியை மூக்கருகே வைக்கும் வழக்கம் சிறு பயணங்களுக்குத்தான் பொருந்தும்.

இவை அனைத்தையும் ஹில் தனியாகச் செய்யவில்லை. அவர் பார்வை மிகவும் மங்கியிருந்தது, செவியும் குறைந்துவிட்டது. கட்டுவதற்கும், மின்கருவிகளை அமைப்பதற்கும், ஓட்டுவதற்கும் நண்பர் குழு ஒன்று உடன் நின்றது. கரையிலிருந்து இயக்கும் வானலை சில கிலோமீட்டருக்குமேல் பயன்படாது. எனவே, நடுக்கடலில் விமானம் தானே வழி அறிந்து செல்ல ஜி.பி.எஸ். இணைந்த தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டது. அது இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்க மற்றொரு சிறு கருவியும் உண்டு.

வடஅட்லாண்டிக்கில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது. அதன் துணையைப் பெறுவதற்காகக் கனடாவின் கிழக்கு விளிம்பாகிய நியூபவுண்ட்லாந்துத் தீவின் கேப் ஸ்பியர் முனையைப் புறப்படும் இடமாகக் கொண்டனர். 2002 ஆகஸ்டில் மூன்று விமானங்கள் அங்கிருந்து புறப்பட்டன. மூன்றும் கடலோடு போயின. 2003 ஆகஸ்டில் புறப்பட்ட நான்காவதும் திரும்பக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றும் பல நூறு மணி நேர உழைப்பு. விழுந்த விமானம் கையில் கிடைத்தால் எங்கே பிழை என்று ஆராயலாம்; கடலில் விழுந்ததோ தன் பிழையையும் தன்னோடு கொண்டு போய்விடுகிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு மீண்டும் முயலலாம் என்று சொல்லிக்கொள்ள எத்தனை கோடைகள் மிச்சம் இருக்கும்?

ஐந்தாவது விமானம் 2003 ஆகஸ்ட் 9ஆம் நாள் மாலை புறப்பட்டது. ஆறடி அகலம் விரிந்த அதன் இறக்கையோடு அதைக் கையில் ஏந்தி, ஹில்லே காற்றில் எறிந்தார். அது போகும் திசையை அவரால் தெளிவாகப் பார்க்க முடியாது. தரையில் இருந்தவர்கள் அதை வானலையால் உயரே ஏற்றி, தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் அது இருளில் தனியே, கடலுக்குமேல் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் சென்றது.

அடுத்து வந்தவை காத்திருக்கும் மணிகள். பறத்தலைவிட அவை கடினமானவை. இடையில் செயற்கைக்கோள் வழியாக வரவேண்டிய செய்தி சில மணி நேரம் நின்றுபோயிற்று. முந்தைய நான்கின் முடிவை அறிந்தவர்களுக்கு அந்த அமைதியின் பொருள் என்னவாகத் தோன்றியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின்னர்ச் செய்தி மீண்டும் வந்தது. விமானம் பறந்துகொண்டுதான் இருந்தது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கிளிப்டன் ஊருக்கு அருகே மானின் கடற்கரையில், அமெரிக்க மாதிரி விமானச் சங்கத்தின் அன்றைய தலைவர் டேவ் பிரவுன் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு காத்திருந்தார். இரண்டு இரவுகளைக் கடந்து ஆகஸ்ட் 11 பிற்பகலில் அது மேற்கு வானில் புள்ளியாகத் தோன்றியது. அவர் கட்டுப்பாட்டை ஏற்றுத் தரையிறக்கினார். புறப்பட்டு 38 மணி 52 நிமிடம் ஆகியிருந்தது; கடந்த தொலைவு 3,028 கிலோமீட்டர். தொட்டியில் எஞ்சியிருந்த எரிபொருளைக் கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் பறப்பதும் ஐயமே. காற்று சற்றே எதிர்த்திருந்தால் ஐந்தாவதும் கரைக்கு அருகில் வந்து கடலில் விழுந்திருக்கும்.

இறங்கிய இடமும் தற்செயலாக அமைந்ததன்று. 1919 ஜூனில் ஜான் அல்காக், ஆர்தர் பிரவுன் என்னும் இருவர் நியூபவுண்ட்லாந்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நிற்காமல் அட்லாண்டிக்கை முதன்முதலாக விமானத்தில் கடந்தனர். அவர்கள் வந்து இறங்கியது கிளிப்டனை அடுத்த சதுப்பு நிலத்தில்தான். ஏறத்தாழ அதே வழியைத்தான் ஹில்லின் மரச்சிறகும் கடந்தது. அவர்களுக்கு 16 மணி நேரத்தில் முடிந்த பயணம் இதற்கு இருமடங்குக்கும் மேல் நீண்டது.

அந்த விமானத்திற்குக் குழுவினர் வைத்த பெயர் 'பட்ஸ் பண்ணையின் ஆன்மா'. 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் தனியொருவராக அட்லாண்டிக்கைக் கடந்த விமானத்தின் பெயர் 'செயின்ட் லூயிஸின் ஆன்மா' என்பது பலரும் அறிந்தது. அதை நினைவூட்டும் இப்பெயரில் சிறிது விளையாட்டும் உண்டு. பட்ஸ் பண்ணை என்பது மேரிலாந்து மாநிலத்தில் இருந்த ஒரு விளைநிலம். சோதனைப் பறத்தல்களுக்குத் தம் நிலத்தைத் திறந்துவிட்ட நண்பர் ஒருவருடையது அது.