எதில் ஒக்கும்?

தண்டியலங்காரம் பொருளணிகளை 35 என்று எண்ணுகிறது. அந்தப் பட்டியலை மூச்சு விடாமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள் உண்டு. ஒரு கவிதையைக் கையில் கொடுத்து, இதில் என்ன நடக்கிறது என்று கேட்டால் வகுப்பு அடங்கிவிடும். முல்லைத்தீவில் தமிழ் படிப்பிக்கும் நான் அதனால்தான் அணியின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

முதலில் தொல்காப்பியர். ஒப்புமை பிறக்கும் இடங்கள் அவருக்கு நான்கே: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். இவ்வளவு சிக்கனமான கருவி வேறில்லை என்பேன்.

"நந்திக்கடல் கண்ணாடி போல" என்று எழுதியவனிடம், "எதில ஒக்குது?" என்றேன்.

"மினுங்குது, ரீச்சர்."

உரு. சரிதான், ஆனால் எந்த ஊர்த் தண்ணீருக்கும் அது பொருந்தும். பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "எங்கட அம்மம்மா முத்தையன்கட்டுக் குளக்கட்டு மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், ஆளின் பருமனை நினைத்திருப்பார்கள். எதில் என்று கேட்டேன்.

"மாரியில வந்ததைக் கோடைக்கு வச்சிருப்பா."

பயன்! மெய்யைத் தேடிய சிரிப்பு அதோடு நின்றது. 'மாதிரி'யை எடுத்துவிட்டு எழுதச் சொன்னேன்: அம்மம்மாவே குளக்கட்டு. உருவகம் வந்துவிட்டது. இனி அம்மம்மாவையும் எடுத்துவிட்டுக் கட்டை மட்டும் நிற்க விட்டால்?

அங்கேதான் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுப்பேன். 1973இல் வந்த நாவல், தண்ணிமுறிப்புத்தான் களம். பதஞ்சலி என்ற பெண்ணின் கதைக்கு, நிலப் பொந்தில் குடியிருந்து தாழப் பறக்கும் ஒரு பறவையின் பெயர். தலைப்பில் பதஞ்சலியும் இல்லை, 'போல'வும் இல்லை.

உள்ளுறை உவமம் என்றான் ஒருவன். கிட்ட வந்துவிட்டான். உள்ளுறையும் உவமேயத்தை மறைத்தே வைக்கும். ஆனால் தெய்வம் தவிர்ந்த கருப்பொருள்களை வைத்துக் கட்டப்படும் அதில், பூவும் வண்டும் நீரும் தனித்தனியே ஒவ்வொருவரைக் குறிக்கும். கணக்குத் தீர்ந்துவிடும். நிலக்கிளிக்குக் கணக்குத் தீரவில்லை. தாழப் பறப்பது அவளுடைய வெகுளித்தனமா, மண்ணை விட்டுப் போகாத பிடிப்பா, எளிதில் அகப்படும் நிலையா? மூன்றுக்கும் ஆதரவாளர்கள் கிளம்பினார்கள். மணி அடித்தும் ஓயவில்லை.

பரீட்சையில் என்ன பெயர் எழுதுவது என்று கேட்டவனுக்குக் 'குறியீடு' என்றேன். எதில் ஒக்கிறது என்று கீழே இரண்டு வரி எழுதச் சொன்னேன்.